ஃபிரிட்ஜில் தூங்கும் கற்கண்டு

என் தம்பி ஓன்னோவுக்கு வாய் இருப்பது சாப்பிடத்தான் என்பது ஊரறிந்த விஷயம். கால்வாயின் தூக்குப்பாலத்தில் அவனுக்கு வேலை; படகு வந்தால் பாலத்தைத் தூக்குவான், போனபின் இறக்குவான். படகுக்காரன் கையை ஆட்டினால் இவனும் ஆட்டுவான். அதோடு அன்றைய பேச்சுவார்த்தை முடிந்தது. ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டின் பின்பக்கம் அவன் இருக்கிறான், முன்பக்கம் ஹில்கா என்கிற நானும் என் வீட்டுக்காரர் ரெம்மரும். சாப்பாடு மட்டும் என் மேஜையில். அப்படிப்பட்டவன் போன வசந்தத்தில் ஒரு நாள் சட்டைப்பைக்குள் கையை விட்டு, என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் ஓர் ஆமைக்குட்டியை எடுத்து வைத்தான்.

"என்னடா இது?"

"ஆமை, அக்கா."

"அது தெரியுது. எதுக்குன்னு கேக்கறேன்."

"வளக்க."

வால்நட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. மேஜை விரிப்பில் கொஞ்ச தூரம் நடந்து, சர்க்கரைக் கிண்ணத்தில் முட்டி நின்றது. அதில் கற்கண்டு இருந்தது. எங்கள் ஃப்ரீஸ்லாந்தில் கற்கண்டு போடாத தேநீரை யாரும் தேநீர் என்று சொல்ல மாட்டார்கள். ஓன்னோ ஆமையைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். பேர் கற்கண்டு என்றான். எனக்குத் தெரிந்து அவன் தானாக ஒரு பொருளுக்குப் பேர் வைத்தது அதுதான் முதல் தடவை.

ஆமை எங்கிருந்து வந்தது என்று கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்வான்டியா கொடுத்தாளாம். பக்கத்து ஊரில் நாற்றுக் கடை வைத்திருக்கிறாள், கண்ணாடிக் கொட்டகையில் ஆமை வளர்த்துக் குஞ்சு பொரிக்க வைக்கிறாள். புருஷனை விவாகரத்துப் பண்ணி அனுப்பிவிட்டுத் தனியாக இருப்பவள். ரப்பர் பூட்ஸோடு சர்ச்சுக்கே வருவாள், வாய்விட்டுச் சிரிப்பாள், திட்டுவதென்றாலும் அதே குரலில்தான். பார்க்க லட்சணமாகவும் இருப்பாள்.

"ரெம்மர், இது ஆமை விஷயம் இல்லய்யா," என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

"பின்னே என்ன விஷயம்?"

"மரமண்டை. பொம்பள விஷயம்."

ரெம்மர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஓன்னோவா?" என்று சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த ரொட்டி மேஜைக்கு வந்துவிட்டது.

ஸ்வான்டியா சும்மா ஒன்றும் கொடுக்கவில்லை. அவளிடம் ஒரு கறாரான சட்டம் உண்டு. குட்டியைச் சரியாக வளர்க்கவில்லை என்று தெரிந்தால் நேராக வீட்டுக்கு வந்து திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவாள். பேச்சே கிடையாது. மேலத்தெருப் பள்ளிக்கூட வாத்தியார் வீட்டில், பிள்ளைகள் ஆமைக்குத் தக்காளியும் நூடுல்ஸும் போட்டுப் பழக்கியதைக் கண்டுபிடித்துப் பிள்ளைகள் கதறக் கதறத் தூக்கிக்கொண்டு போனவள் அவள். ஓன்னோ இதை என்னிடம் சொன்னபோது அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் தோட்டம் எங்களுடையதாக இல்லை. தெற்குச் சுவர் ஓரமாகப் பலகை அடித்து, மேலே பழைய ஜன்னல் கண்ணாடியைச் சாய்த்து, காக்காய் வராமல் வலை கட்டி, அதற்குள் கல், மணல், மேடு, பள்ளம் என்று ஒரு சின்ன ஊரையே கட்டினான். புல்வெளியில் டான்டேலியன் களை முளைத்தால் பிடுங்கக் கூடாது, கற்கண்டு தின்ன அது வேண்டும் என்று எனக்கு உத்தரவு. இந்தத் தெருவில் டான்டேலியனைப் பிடுங்காத வீட்டைச் சோம்பேறி வீடு என்பார்கள். எதிர்வீட்டுக்காரி வேலியோரம் வந்து நின்று, உடம்பு சரியில்லையா என்று என்னை விசாரித்துவிட்டுப் போனாள். மானம் போயிற்று.

பாவம், சின்ன ஜீவன் இலையையே தின்கிறதே என்று ஒரு நாள் தக்காளித் துண்டு ஒன்றை நீட்டினேன். எங்கிருந்து பார்த்தானோ, பாய்ந்து வந்து என் கையிலிருந்து பிடுங்கினான்.

"அக்கா! அத சாகடிக்கப் பாக்கறியா?"

"தக்காளி தின்னா சாகுமா? நாங்கல்லாம் தின்னு செத்தா போயிட்டோம்?"

"நீ ஆமையா?"

என் தம்பி என்னிடம் எதிர்த்துப் பேசினான்! கோபப்படுவதா சந்தோஷப்படுவதா என்று எனக்கே தெரியவில்லை. எல்லாம் அந்த ரப்பர் பூட்ஸ்காரி செய்த மாயம் என்று நினைத்துக்கொண்டேன்.

நினைப்பதற்குக் காரணமும் இருந்தது. சனிக்கிழமை தவறாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாற்றுக் கடைக்குப் போவான். மழையா, காற்றா, ஒன்றும் பார்க்க மாட்டான். திரும்பி வந்ததும் நான் கேக்கை வெட்டி வைத்துக்கொண்டு விசாரணையை ஆரம்பிப்பேன்.

"என்னடா பேசினீங்க?"

"நான் பேசல. அவங்க சொன்னாங்க, கேட்டுக்கிட்டேன்."

"உன்னப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

"கற்கண்டு ஒழுங்கா வெளிக்குப் போகுதான்னு கேட்டாங்க."

"அட கடவுளே. உக்காரச் சொன்னாளா?"

"சொன்னாங்க. கேக்கும் குடுத்தாங்க. நான் நின்னுக்கிட்டே தின்னுட்டு வந்துட்டேன்."

ரெம்மர் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்வார், அழுது அல்ல. "மாப்ள, இந்த வேகத்துல போனா நீ அவ கைய பிடிக்கறதுக்குள்ள கற்கண்டுக்குப் பேரப்பிள்ள பொறந்துடும்," என்பார். ஓன்னோவுக்குக் கோபமும் வராது, வெட்கமும் வராது. கடல் கணவாய் மீனின் ஓட்டை எடுத்துச் சுரண்டிப் பொடி பண்ணிக்கொண்டிருப்பான். ஆமையின் ஓடு கெட்டிப்பட அது வேண்டுமாம்.

இலையுதிர் காலம் வந்தது. ஒரு நாள் ரெம்மர் முன்னால் வந்து நின்றான்.

"மச்சான், உங்க ஃபிரிட்ஜ் வேணும்."

பின்கொட்டகையில் இருக்கும் பழைய ஃபிரிட்ஜைச் சொன்னான். அது ரெம்மரின் உயிர். பீரும் சாராயமும் தவிர வேறு எதுவும் அதற்குள் போனதில்லை.

"எதுக்கு மாப்ள?"

"கற்கண்டு தூங்கணும்."

ரெம்மர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு ஓன்னோ சொன்னான், அவன் கணக்குக்கு அது ஒரு பிரசங்கம்: இந்த ஆமைகள் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தூங்க வேண்டியவை. தூங்காவிட்டால் கண்டபடி வளர்ந்து ஓடு கோணிப்போகும், ஆயுசும் குறையும். எங்கள் ஊர்க் குளிர்காலமோ ஒரு நாள் உறையும், மறுநாள் ஊற்றும். அதனால் ஆமை வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் மண்ணும் காய்ந்த இலையும் போட்ட பெட்டியில் அதை வைத்து ஃபிரிட்ஜில்தான் தூங்கப் போடுகிறார்கள். குளிர் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. உறைந்துவிட்டால் கண் போய்விடும், உயிரே போனாலும் போய்விடும்.

"வேற ஃபிரிட்ஜ் வாங்கிக்கயேன்," என்றார் ரெம்மர்.

"வாங்கலாம். ஆனா இது கொட்டகைல அமைதியா இருக்கு. சத்தம் கேட்டா அது முழிச்சுக்கும்."

என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். பீர் பெட்டியைத் தாழ்வாரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். குளிர்காலம் முழுக்க அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தார் என்பது வேறு விஷயம். "என்ன பொழப்பு இது! ஆமை சொகுசா ஃபிரிட்ஜுக்குள்ள, என் பீர் தெருவுல."

ஓன்னோ காலையில் வேலைக்குப் போகும்முன் கொட்டகைக்குப் போவான். கதவைத் திறந்து கொஞ்சம் காற்று விடுவான், உள்ளே வைத்திருக்கும் வெப்பமானியைப் பார்ப்பான், மூடுவான். சாயங்காலமும் அதே பூஜை. அவ்வப்போது பெட்டியை என் சமையலறைக்குக் கொண்டுவந்து, தூங்குகிற ஆமையை என் மாவுத் தராசில் வைத்து எடை பார்ப்பான். எடை நிறையக் குறைந்தால் எழுப்பிவிட வேண்டுமாம்.

"அந்தத் தராசுலதான்டா நான் கேக்குக்கு மாவு நிறுக்கறேன்."

"கழுவி வச்சுட்டேன் அக்கா. மெதுவா பேசு."

என் சமையலறையில் நான் மெதுவாகப் பேச வேண்டும்! பேசினேன். என்ன செய்வது?

பிப்ரவரியில் எங்கள் தெருவின் கேல் கீரை விருந்து வந்தது. குளிர்காலத்தில் இந்தப் பக்கத்தில் அது இல்லாமல் முடியாது. காலையில் தள்ளுவண்டியில் பாட்டில்களை ஏற்றிக்கொண்டு, தெருவே இரண்டு கட்சியாகப் பிரிந்து வயல் சாலையில் மரப்பந்தை உருட்டிக்கொண்டே நடக்கும். யார் குறைந்த வீச்சில் போய்ச் சேருகிறார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள். பாதிப் பந்து வாய்க்காலில் விழும், நீளக் கம்புக் கூடையால் அள்ளுவார்கள். பிறகு யாராவது ஒருவர் வீட்டில் கேல் கீரையும் தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கும். அதிகம் தின்றவனுக்கு அட்டைக் கிரீடம் வைத்துக் கேல் ராஜா என்று பட்டம் கட்டுவார்கள். இந்த முறை விருந்து எங்கள் வீட்டில். ராஜா, கேட்கவே வேண்டாம், என் வீட்டுக்காரர்.

எல்லோரும் தின்று களைத்துப் பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்த நேரம். கிரீடத்தோடு ரெம்மர் எழுந்து போய் ஒரு சாராய பாட்டிலோடு வந்தார். பாட்டில் முழுக்கப் பனி பூத்திருந்தது. கோப்பைகளில் ஊற்றினார்.

"பாருங்க, பாருங்க! எண்ணெய் மாதிரி எறங்குது. இப்படி ஜில்லுனு யார் வீட்டுலயாவது குடிச்சிருக்கீங்களா? ஃபிரிட்ஜோட குளிர்க் குமிழ கடைசி வரைக்கும் திருப்பி வச்சுட்டுத்தான் காலைல கெளம்பினேன்."

கைதட்டினார்கள். ஓன்னோ முள்கரண்டியைத் தட்டில் வைத்தான்.

"எந்த ஃபிரிட்ஜ், மச்சான்?"

ரெம்மர் பாட்டிலைப் பார்த்தார், கொட்டகைப் பக்கம் பார்த்தார். மனுஷர் வேண்டுமென்று செய்யவில்லை. கேல் விருந்தென்றால் பின்கொட்டகை, சாராயம், குமிழைக் கடைசி வரை திருப்பு, இது அவர் கைக்குப் பழகிப்போன வேலை. பெட்டிக்குப் பக்கத்திலேயே பாட்டிலை அடுக்கியிருக்கிறார். ஆமை ஒன்று இருப்பது அவர் ஞாபகத்திலேயே இல்லை.

ஓன்னோ ஓடினான். அவன் ஓடி நான் பார்த்ததில்லை. நானும் பின்னால் ஓடினேன். வெப்பமானி பூஜ்யத்துக்கும் கீழே காட்டியது. பெட்டியின் மேல்மண் விரலால் அழுத்தினால் மொறமொறவென்று இருந்தது. இலைகளை ஒவ்வொன்றாக விலக்கிக் கற்கண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்தான். கூழாங்கல்லைப் போலக் கிடந்தது. காலை மெல்லத் தொட்டான். அசையவில்லை. மறுபடி தொட்டான்.

"ஓன்னோ..." என்றேன்.

"பேசாதே அக்கா."

ரெம்மர் கிரீடத்தோடு வந்து கொட்டகை வாசலில் நின்றார். அழுதுவிடுவார் போலிருந்தது. "மாப்ள, சமையலறைக்குக் கொண்டு வா, அடுப்புப் பக்கத்துல வைப்போம்."

"திடீர்னு சூடாக்கினா செத்துடும்னு சொல்லியிருக்காங்க. எவ்வளவு சூடுன்னு எனக்குத் தெரியல." என்றான் ஓன்னோ. "ஸ்வான்டியாவுக்குப் போன் பண்ணணும்."

"வேண்டாம் மாப்ள. அவளுக்குத் தெரிஞ்சா தூக்கிட்டுப் போயிடுவா. வாத்தியார் வீட்டுல பண்ணினத மறந்துட்டியா? நாமளே ஏதாவது பண்ணிப் பாப்போம்."

"தூக்கிட்டுத்தான் போவாங்க," என்றான் ஓன்னோ. "போகட்டும். உயிரோட போகட்டும்."

ஆமையை ஒரு கையில் வைத்துக்கொண்டே மறு கையால் போன் பண்ணினான். போனைக் கண்டால் அறையை விட்டே வெளியே போகிறவன். "ஸ்வான்டியாங்களா? ஓன்னோ. பாலத்து ஓன்னோ. கற்கண்டு உறைஞ்சுபோச்சு. எங்க தப்புதான். என்ன செய்யணும்னு சொல்லுங்க, அப்புறம் வந்து எடுத்துட்டுப் போங்க."

அவள் வேனை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தபோது தெருவே எங்கள் வீட்டில் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தது. சூடில்லாத முன்னறையில் ஓன்னோ ஆமையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். ஸ்வான்டியா யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை. ஆமையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள், பின்னங்காலை விரலால் மெதுவாக இழுத்துவிட்டுக் காத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ரொம்ப நேரம் கழித்து, ஓர் அரிசி அகலத்துக்கு அந்தக் கால் உள்ளே போனது.

"இருக்கு," என்றாள். "மண்ணு காப்பாத்தியிருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா தீந்திருக்கும். இனிமே தூங்க வைக்க முடியாது, கொஞ்சம் கொஞ்சமா எழுப்பணும். எவன் குமிழத் திருப்பினது?"

ரெம்மர் கையைத் தூக்கினார். "நான்தாம்மா."

அவள் கிரீடத்திலிருந்து காலுறை வரை அவரைப் பார்த்தாள். "ராஜாவா? ஆமை தூங்கற எடத்துல சாராயத்த வைக்கற ராஜாவ இப்பத்தான்யா பாக்கறேன்." கூட்டத்தில் யாருக்கும் சிரிக்கத் தைரியம் வரவில்லை. பிறகு ஓன்னோவிடம் திரும்பினாள். குரல் கொஞ்சம் தணிந்தது. "என் சட்டம் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவன் எழுந்து போய் எல்லாவற்றையும் எடுத்து வந்தான். பெட்டி, இலை, கணவாய் ஓடு, குளிப்பாட்டும் சின்னத் தட்டு. ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்தான். கொடுத்துக்கொண்டே பேசினான். ஆமாம், என் தம்பி பேசினான். "வாழைப்பூண்டு இலைய முழுசா போட்டா திங்காது, கிழிச்சுப் போடணும். காலைல மொத வெயில் வந்தா தட்டக்கல்லு மேல இடது பக்கமா சாஞ்சு படுக்கும், அப்ப தொந்தரவு பண்ணக் கூடாது. மழை சத்தம் கேட்டா ஒளிஞ்சுக்கும், ஆனா பாலத்து மணி சத்தத்துக்குப் பயப்படாது, பழகிடுச்சு. குளிப்பாட்டறப்ப விரல வச்சா அதுமேல தாடைய வச்சுத் தூங்கிடும். மூழ்கிடாம பாத்துக்கணும்." இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அவன் கண்ணிலிருந்து வழிந்ததை அவன் துடைக்கக்கூட இல்லை.

ஸ்வான்டியா பெட்டியைக் கையில் வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தன பேச்சு உங்ககிட்ட இருக்கா? வசந்தத்துலேருந்து வாராவாரம் வந்து நின்னீங்களே. எதுக்கு வந்தீங்க?"

இதோ வந்துவிட்டது. ஒரு வருஷமாக நான் காத்திருந்த கேள்வி, தெருவே சாட்சியாக. நான் கையைப் பிசைந்துகொண்டு, சொல்லித் தொலைடா என்று மனசுக்குள் கத்தினேன்.

"ஆமைக்காக," என்றான் ஓன்னோ.

"ஆமைக்காக மட்டுமா?"

"ஆமாங்க. வேற எதுக்கு?"

மேஜையில் மிச்சமிருந்த கேல் முழுவதையும் அள்ளி அவன் வாயில் திணிக்கலாம் போல எனக்கு வந்தது. ரெம்மர் கிரீடத்தைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். தேடி வந்த மகராசியை இப்படியா அனுப்புவான் ஒரு மனுஷன்? அவன் முகத்தைப் பார்த்தேன். அதில் பொய் இல்லை, வெட்கம் இல்லை, நிஜமாகவே கேள்வி விளங்காத முகம். அப்போதுதான் உறைத்தது. பெண் விஷயம் என்று நான்தான் வருஷம் முழுக்க ஊரைக் கூட்டிச் சிரித்திருக்கிறேன். அவன் முதல் நாளே சொல்லிவிட்டான், வளர்க்க என்று.

ஸ்வான்டியா சிரித்தாள். அவளுடைய அந்தப் பெரிய சிரிப்பு. பெட்டியைக் கொண்டுபோய் ஓன்னோவின் மடியிலேயே வைத்தாள்.

"எங்கிட்ட குட்டி வாங்க வர்ற ஆம்பளைங்க பாதிப் பேரு மூணாவது வாரம் என் அடுக்களைல உக்காந்துக்கறாங்க. ஆமை எப்படி இருக்குன்னு கேட்டா முழிக்கறாங்க. நீங்களும் என்னிக்காவது உக்காருவீங்கன்னு பாத்தேன். உக்காரவே இல்ல." கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். "ஆமை இங்கயே இருக்கட்டும். எழுப்பறது எப்படின்னு காட்டறேன். ராத்திரி ஹீட்டர தொடாதீங்க. ஹில்கா, கேல் மிச்சம் இருக்கா? நான் மத்தியானம் சாப்பிடல."

எனக்குக் கைகால் ஓடவில்லை. இருந்த தொத்திறைச்சி எல்லாவற்றையும் அவள் தட்டில் வைத்தேன்.

கற்கண்டு பிழைத்தது. விளக்கடியில் உட்கார்ந்து, ஸ்வான்டியா கண்ணாடிக் கொட்டகையில் வளர்த்த இலைகளைத் தின்றுகொண்டிருக்கிறது. பழைய ஃபிரிட்ஜின் குமிழைப் பிடுங்கி எடுத்து ஓன்னோ சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். ரெம்மர் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் ஓன்னோ சைக்கிளை எடுப்பதில்லை. ஸ்வான்டியாதான் வருகிறாள், கற்கண்டை எடை பார்க்கிறாள், அதன் கண்ணைப் பார்க்கிறாள், தேநீர் குடித்துவிட்டுப் போகிறாள்.

போன சனிக்கிழமை கதவைத் திறந்தவள் நான்.

"வாங்க, வாங்க. ஆமைய பாக்கவா?" என்றேன். பழக்கத்தை விட முடிகிறதா?

அவள் குனிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "இல்ல ஹில்கா. இன்னைக்கு ஆமைய பாக்க வரல."

சமையலறையில் கற்கண்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த ஓன்னோவின் காதில் அது விழுந்துவிட்டது. தட்டுக்குள் விரலை வைத்தபடியே உறைந்து நின்றான். காதுமடல் இரண்டும் சிவந்துபோயின. அவனைப் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும், அந்தக் காதுகள் அப்படிச் சிவந்து பார்த்ததில்லை.

"அப்போ..." என்றான். "அப்போ நான் என்ன பண்ணணும்?"

"அத தண்ணிலேருந்து எடுத்துத் தொடைச்சு விடுங்க," என்றாள் ஸ்வான்டியா. "அப்புறம் வந்து என் பக்கத்துல உக்காருங்க."

ஓன்னோ துடைத்தான். வந்து உட்கார்ந்தான். நான் ரெம்மரின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன். மூக்கைச் சிந்தினேன். சளி பிடித்திருக்கிறதா என்று ரெம்மர் கேட்டார், ஆமாம் என்றேன்.